சிப்பந்தி வீட்டுக் குழந்தையும் நமது கடைக் கணக்கும்

எங்கள் மண்டியில் மணிலாப் பருப்பு சலித்துப் பிரிக்கும் வேலைக்கு ஒரு பெண் நான்கு வருடங்களாக வந்துகொண்டிருந்தார். கை சுத்தம். எடை போடுவதில் ஒரு கிராம் பிசகாது. பிறகு பில் போடவும் பழகிக்கொண்டார். பிரசவத்துக்குப் போய், ஒன்றரை வருடம் கழித்து மறுபடி வேலைக்கு வந்தபோது குழந்தையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். மாமியார் கிராமத்தில் படுத்த படுக்கை. புருஷனுக்கு லாரியில் வேலை, வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். நாங்களும் "ஓரமாகக் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டோம். மூட்டை அடுக்குக்குப் பக்கத்தில் பழைய புடவையை விரித்தால் குழந்தை அதில் தூங்கும். நமது கடைத் தெருக்களில் இது புதிய காட்சி அல்ல. படிக்கிற உங்களில் பலர் கடையிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கும்.

கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருந்தது. மாலை நேரத்தில் சரக்கு இறக்கும் அவசரம். கீழே சிந்திக் கிடந்த பருப்பைக் குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. பருப்பு மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. இருமல், பிறகு முகம் நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். அங்கிருந்து இன்னொரு ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே குழாய் விட்டுப் பருப்பை எடுத்தார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. நாலு வயது ஆகும்வரை குழந்தையின் கைக்கு முழு மணிலாப் பருப்பு எட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னார். முப்பது வருடமாக மணிலா வியாபாரம் செய்கிற எங்களுக்கு அதுவரை இது தெரியாது. தவறு எங்களுடையதுதான். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பெண் வேலைக்குத் திரும்பவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டோம். "முதலாளி மேல் ஒரு குறையும் இல்லை. பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருவது என்று அவரையே கேட்டுச் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. தீப சீசன் முழுவதும் பில் போட ஆள் இல்லாமல் திண்டாடினோம்.

அந்த வாரம் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் இளைய மகனிடம் போனில் இதைச் சொன்னோம். "அப்பா, இங்கே இதற்கென்றே சம்பளத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்" என்றான். கணக்கு என்றதும் நமக்குக் காது நிமிர்ந்துவிடும் அல்லவா? விவரமாகக் கேட்டோம்.

விஷயம் இதுதான். அங்கே கம்பெனியில் வேலை பார்க்கிறவர், வருகிற ஆண்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள எவ்வளவு செலவாகும் என்று முந்தின ஆண்டின் கடைசியிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தொகையை ஒவ்வொரு சம்பளத்திலும் சிறிது சிறிதாகப் பிடித்து, அவர் பெயரில் தனிக் கணக்கில் வைப்பார்கள். பிடிப்பது வரி கணக்கிடுவதற்கு முன்பு. ஆகவே அந்தப் பணத்துக்கு மத்திய வருமான வரியும் கிடையாது, ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் பிடிக்கிற 7.65 சதவீதமும் கிடையாது. குழந்தைகள் காப்பகத்துக்குப் பணம் கட்டி ரசீதைக் கொடுத்தால் அந்தக் கணக்கிலிருந்து திருப்பித் தருவார்கள். 13 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது பொருந்தும். தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத கணவன், மனைவி, கூடவே வசிக்கும் வயதான தாய் தந்தையர் இவர்களுக்கும் பொருந்தும். ஆனால் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்களாக இருக்க வேண்டும், அல்லது வேலை தேடுகிறவராகவோ படிக்கிறவராகவோ இருக்க வேண்டும். ஒருவர் வீட்டில் சும்மா இருந்தால் சலுகை கிடையாது.

ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் என்று 1986-ல் வரம்பு வைத்தார்கள். கொரோனாவுக்காக 2021-ல் ஒரே ஓர் ஆண்டு கூட்டியது நீங்கலாக, 2025 வரை அதே 5,000-தான். இத்தனை வருடங்களில் காப்பகக் கட்டணம் எத்தனை மடங்கு ஏறியிருக்கும் என்று வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025-ல் வந்த சட்டத்தால் 2026 முதல் அது 7,500 டாலர் ஆகியிருக்கிறது. 22 சதவீத வரிப் படியில் இருப்பவர் 5,000 டாலர் ஒதுக்கினால் இரண்டு வகையிலும் சேர்த்து ஏறக்குறைய 1,480 டாலர் மிச்சம். நல்ல தொகைதான்.

ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. அந்த ஆண்டுக்குள் செலவழியாத பணம் போனது போனதுதான். சில கம்பெனிகள் இரண்டரை மாதம் தவணை தருவதுண்டு. அதோடு சரி. எங்கள் மகனுக்கு அதுதான் நடந்தது. ஒரு வருடம் முழுத் தொகையையும் எழுதிக் கொடுத்துவிட்டான். வருட நடுவில் எங்கள் வீட்டம்மாள் பேரனைப் பார்க்க விமானம் ஏறினார். ஆறு மாதம் பாட்டி மடியில் குழந்தை. காப்பகத்தை நிறுத்திவிட்டார்கள். காப்பகக் கட்டணம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்களே தவிர, சம்பளத்தில் பிடிப்பது பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தது. வருடக் கடைசியில் பார்த்தால் 900 டாலருக்கு ரசீது இல்லை. போய்விட்டது. பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு மாறினால் வருட நடுவிலேயே தொகையைக் குறைத்துக்கொள்ள அவர்கள் சட்டத்தில் இடம் உண்டு, குறிப்பிட்ட நாட்களுக்குள் கம்பெனியில் சொல்லியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பாட்டி ஆறு மாதம் பார்த்துக்கொண்டதற்கு எந்தக் கணக்கிலும் வரவும் இல்லை, பற்றும் இல்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள நண்பர்கள் இதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

நிற்க. இந்த ஏற்பாட்டை நமது கடைகளில் செய்ய முடியுமா?

நாலு பேராகக் கூடிப் பேசியபோது ஒரு நண்பர், "ஆளுக்கு மாதம் 500 ரூபாய் சம்பளத்தில் பிடித்து ஆயா வைப்போம், அமெரிக்காக்காரன் செய்வதுதானே" என்றார். அது சரியல்ல என்று நாங்கள் சொன்னோம். அங்கே அந்தக் கணக்கு பலன் தருவது, சம்பளக்காரர் வரி கட்டுகிறவர் என்பதால்தான். நமது சிப்பந்தி மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறார் என்று வையுங்கள். வருடத்துக்கு 1,44,000. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு வரியே இல்லை. சம்பளக்காரருக்கு நிலையான கழிவும் சேர்த்து 12 லட்சத்து 75 ஆயிரம். வரியே இல்லாதவர் வரிக்கு முன் ஒதுக்கி என்ன பயன்? 500 ரூபாய் பிடித்தால் அவர் வீட்டு அடுப்பில் 500 ரூபாய் குறையும், அவ்வளவுதான். ஏழைச் சம்பளத்துக்கு இந்த மாதிரிச் சலுகை ஒரு காசு உதவாது, பெரிய சம்பளத்துக்குத்தான் அதிகம் உதவும். இந்தக் குறையை அமெரிக்காவிலேயே பலர் சொல்லியிருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சம்பளக்காரருக்கும் இப்படிச் சில சலுகைகள் உண்டு. குழந்தையின் கல்விப்படிக்கு வரி விலக்கு என்று நெடுங்காலம் மாதம் 100 ரூபாய் வைத்திருந்தார்கள். 100 ரூபாயில் இன்று ஒரு கணக்கு நோட்டும் பேனாவும் வாங்கினால் மீதி இருக்காது. அதை விடுவோம்.

நமது பக்கத்தில் வரிக்கு முன் போகக்கூடிய பணம் ஒன்றுதான். அது முதலாளியின் கல்லாப் பணம். கடை லாப நஷ்டக் கணக்கு எழுதுகிறவர், சிப்பந்திகளின் குழந்தைகளுக்காக ஆயா சம்பளம், அறை வாடகை, பால் என்று உண்மையாகச் செலவழித்தால் அது சிப்பந்தி நலச் செலவு. லாபத்தில் கழித்த பிறகுதான் வரி. இதற்கு வவுச்சர் வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செலவை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரிந்ததே. ஆகவே வாடகையும் சம்பளமும் வங்கி மூலமே போகட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம்மில் மளிகைக் கடை நண்பர்கள் பலர் விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் லாபம் என்று உத்தேச முறையில் கணக்குக் காட்டுகிறவர்கள். 2 கோடி ரூபாய் வரை விற்பனை உள்ளவர்களுக்கு அந்த வழி. ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 3 கோடி வரை. அந்த முறையில் செலவுகளைத் தனித்தனியே கழிக்க முடியாது. எல்லாம் அந்த 8-க்குள், 6-க்குள் அடக்கம். ஆகவே அவர்களுக்கு ஆயா செலவில் வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மிச்சம் என்பது ஆள் நிற்பதில்தான். பழகின பில் போடும் ஆள் போய்ப் புது ஆள் பழகும் மூன்று மாதத்தில் தவறிப்போகும் எடை, மறந்துபோகும் கடன் பாக்கி, கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகும் வாடிக்கை இதையெல்லாம் எழுதிப் பார்த்தால் தொகை தெரியும். எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் தெருவில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு வீட்டின் பின்கட்டு அறையை எடுத்தோம். வாடகை 4,000. ஆயாவுக்கு 9,000. பால், பிஸ்கட், சோப்பு, மின்சாரம் இவற்றுக்கு 3,000. ஆக 16,000 ரூபாய், கடைக்கு 4,000. எங்கள் மண்டியில் ஒரு நாள் ஏற்றுக்கூலி கிட்டத்தட்ட அவ்வளவு ஆகும். ஆறு குழந்தைகள் வருகின்றன. அரசு பால்வாடி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நல்ல உதவியும்கூட. சத்துணவும் கிடைக்கிறது. ஆனால் பால்வாடி பிற்பகலோடு மூடிவிடும், நமது கடைக்கு வியாபாரமே அதன் பிறகுதான். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்துக்கு இந்த ஊரில் எந்தக் கடை நேரத்தோடு சாத்துகிறது? எங்கள் அறை சாதாரண நாளில் இரவு எட்டரை வரை. பௌர்ணமிக்கு இன்னொரு ஆயா வைத்துப் பத்து மணி வரை. இரண்டு பெரிய குழந்தைகள் பால்வாடி முடிந்து அங்கிருந்து இங்கே வருகின்றன.

விதிகள் கொஞ்சம்தான். மணிலா, பொட்டுக்கடலை, காசு, பட்டன் எதுவும் அறைக்குள் வரக்கூடாது. குழந்தையை விட்ட கையே வந்து வாங்க வேண்டும், வேறு யாராவது வந்தால் ஆயா தரமாட்டார். நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்து. காய்ச்சல் என்றால் அன்று வீட்டில். எங்களில் யார் வேண்டுமானாலும் சொல்லாமல் போய்ப் பார்க்கலாம், தாய்மாரும் நினைத்த நேரம் போய்ப் பார்க்கலாம். முதல் மாதம் ஆயா வேலை சரியில்லை, மாற்றினோம். இப்போது இருப்பவர் தம் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஐம்பது வயது அம்மாள். குழந்தைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அழுகின்றன.

நடுவில் ஒரு பங்காளி விலகிக்கொள்கிறேன் என்றார். "என் கடையில் பெண்பிள்ளைகள் வேலையில் இல்லை. நான் ஏன் 4,000 கொடுக்க வேண்டும்?" நியாயம் போலத்தான் தோன்றியது. அடுத்த மாதமே அவர் கடை மூட்டை தூக்குகிறவரின் மனைவி ஆபரேஷனுக்குப் படுத்துக்கொண்டார். மூன்று வயதுப் பையனை அப்பன் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். பங்காளி பேசாமல் 4,000 ரூபாயை அனுப்பிவிட்டார்.

சட்டமும் இப்போது அப்படித்தான் பார்க்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் பெண் தொழிலாளர் எண்ணிக்கையை வைத்துத்தான் குழந்தைகள் காப்பகம். அதனால் அந்த எண்ணிக்கை எட்டாதபடி பெண்களைக் குறைத்தே வேலைக்கு வைத்தவர்களும் உண்டு. 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தி, ஆண் பெண் எல்லாச் சிப்பந்திகளையும் சேர்த்து 50 பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50-தான். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. தாய் நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்து வர அனுமதிக்க வேண்டும். நமது ஊரில் 50 பேர் வைத்திருப்பது பெரிய ஜவுளிக்கடைகளும் சில ஆலைகளும்தான். மளிகைக் கடைக்கு இது கட்டாயம் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்திலேயே, பல நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து செலவைப் பகிர்ந்து பொதுக் காப்பகம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. 50 பேர் உள்ள ஜவுளிக்கடைக்காரரும், நாலு பேர் உள்ள நாமும் சங்கத்தின் மூலம் சேர்ந்தால் என்ன? அவருக்குச் சட்டக் கடமை தீரும், நமக்குச் செலவு குறையும்.

குழந்தையோடு விஷயம் முடியவில்லை. அந்தப் பெண்ணின் மாமியார் படுக்கையில் என்று முதலில் சொன்னோம். சிப்பந்தி லீவு போடுவதும் முன்பணம் கேட்பதும் பாதிக்கு மேல் வீட்டுப் பெரியவர்களின் வைத்தியத்துக்குத்தான். இதற்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்தால் கட்டாயம், மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு நாம் 390, அவர் 90. மாதம் 480 ரூபாயில் அவருக்கும் மனைவி மக்களுக்கும், அவரை நம்பியிருக்கும் தாய் தந்தைக்கும் வைத்தியம். பெண் சிப்பந்திக்குப் பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளத்தை நாம் தர வேண்டியதில்லை, அவர்களே தருகிறார்கள். இதை மட்டும் பார்த்தாலே 390 ரூபாய் மலிவு. பத்துப் பேர் இல்லாத கடையும், முதலாளியும் பெரும்பான்மைச் சிப்பந்திகளும் சம்மதித்தால் தாமாகச் சேரலாம் என்று புதிய சட்டத் தொகுப்பில் வழி இருக்கிறது. பத்தாவது ஆளை நோட்டில் எழுதாமல் ஒன்பதோடு நிறுத்துகிற பழக்கம் நம்மிடம் உண்டு, நாங்களும் ஒரு காலத்தில் செய்தோம். விபத்து நடந்த அன்று அந்த நோட்டு நம்மைக் காப்பாற்றாது. பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். அது நமது பணம் அல்ல.

நமது சொந்த வீட்டுப் பெரியவர்கள் விஷயத்துக்கும் ஒரு வரி. 60 வயதைத் தாண்டிய பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுக்குப் பழைய வரி முறையில் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. வீட்டில் மாற்றுத்திறனாளி இருந்தால் 75,000, கடுமையான ஊனம் என்றால் 1,25,000. புதிய முறையில் இவை கிடையாது. வியாபார வருமானம் உள்ளவர் வருடா வருடம் மாறி மாறிப் போகவும் முடியாது. பழைய முறைக்குப் போய்த் திரும்பினால் திரும்பியதுதான். ஆகவே 12 லட்சத்துக்குள் வருமானம் உள்ளவர் இந்தக் கழிவுக்காகப் பழைய முறைக்குப் போவதற்கு முன் ஆடிட்டரிடம் இரண்டு முறையிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் நாம் மனப்பாடமாக வைத்திருந்த பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. எண்ணைச் சொல்லிக் கேட்காமல் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. புதுப்பிக்கும்போது ஏஜெண்ட் பழைய தொகையையே கேட்டால் விவரம் கேளுங்கள்.

அறை தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மூன்றாவது மாதம் அந்தப் பெண்ணுக்கு மறுபடி ஆள் அனுப்பினோம். முதலில் அவர் வரவில்லை, அவர் புருஷன்தான் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார், கதவுத் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தார், ஆயாவிடம் அரை மணி நேரம் பேசினார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை பில் மேஜையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். இப்போது இன்னும் மூன்று கடைக்காரர்கள் சேர விரும்புகிறார்கள். அறை போதாது. தேரடி வீதிப் பக்கத்தில் தரைத்தளத்தில், தண்ணீர் வசதியோடு, படிக்கட்டு இல்லாத இடம் யாரிடமாவது காலியாக இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். வாடகை ஒழுங்காக, வங்கி மூலம் வரும்.